குசினியிலிருந்து சாப்பாட்டுக்கூடம் வரை: கோலார் தங்கவயலில் மேற்கத்திய விருந்து யாருடையது?

கேள்வி

சென்னை–பெங்களூர் இருப்புப்பாதையில் பங்காருபேட்டை ஒரு சந்திப்பு நிலையம். 1862 முதல் 1870 வரை மைசூரில் கமிஷனராக இருந்த லெவின் பௌரிங்கின் பெயரால் முன்பு பௌரிங்பேட்டை என்று வழங்கிய ஊர் இது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864இல் ரயில் வந்தது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் சுரங்கங்களின் நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. சில ஆண்டுகளில் தங்கம் பெருமளவில் கிடைக்கத் தொடங்கியதும், 1894இல் பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ஒரு கிளைப்பாதை போடப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய சுரங்க இயந்திரங்கள் இந்த வழியாகத்தான் போயின. துரைமாரின் மேசைக்கான மதுப்புட்டிகளும் டப்பா உணவுகளும் அப்படியே. வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடிக் குடும்பம் குடும்பமாக வந்தவர்களும் இதே பாதையில்தான் பயணம் செய்தார்கள்.

ஒரே ரயிலில் வந்த இந்த மதுவும் மனிதர்களும் தங்கவயலில் எந்த இடத்தில் சந்தித்துக்கொண்டார்கள் என்று கேட்டால், பலரும் சுரங்கத்தைக் காட்டுவார்கள். இக்கட்டுரை பங்களாக்களின் சாப்பாட்டுக்கூடத்தையும் கிளப்பின் மதுக்கூடத்தையும் பார்க்கிறது. அங்கே பரிமாறப்பட்ட மேற்கத்திய விருந்து யாருடைய பண்பாட்டுச் சொத்து என்பதே கேள்வி. இதை இன்று கேட்பதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியிலும் ஊட்டியிலும் பெங்களூரிலும் காலனிய காலத்து மாளிகைகளில் உட்கார்ந்து மேற்கத்திய உணவும் மதுவும் அருந்துவது மரபுச் சுற்றுலாவின் பகுதியாகிவிட்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு தங்கவயலையும் சுற்றுலாத் தலமாக்கும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. அப்படி ஒரு பங்களா நாளை உணவகமானால் எந்த வரலாறு அங்கே பரிமாறப்படும் என்பதை இப்போதே யோசித்தாக வேண்டும்.

அந்த விருந்தைத் துரைமாரின் வாழ்க்கைமுறையாக மட்டும் பார்ப்பது பாதி வரலாறு என்பது என் வாதம். சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், பாத்திரம் துலக்கியவர்கள் ஆகியோரின் தேர்ச்சியால் நாள்தோறும் உருவான பண்டம் அது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிலும் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். ஆகவே பங்களாவின் மரபு என்று எதையாவது பாதுகாக்க நினைத்தால், குசினியிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு வாசிப்புகள்

தங்கவயலின் வெள்ளைக்கார வாழ்க்கையைப் பற்றி இதுவரை இரண்டு விதமான எழுத்துகள் வலுவாக இருக்கின்றன. முதலாவது, அங்கே வளர்ந்தவர்களின் நினைவெழுத்து. ‘சின்ன இங்கிலாந்து’ என்ற பட்டம் அதில் திரும்பத் திரும்ப வரும். தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம், கிறிஸ்துமஸ் நடனம், கேக் என்று ஓர் இனிய உலகம் விரியும். தங்கவயலில் வளர்ந்த பிரிட்ஜெட் வைட்-குமாரின் நூல்கள் இவ்வகையில் முக்கியமானவை. ஊரின் நினைவுகளை எழுதியதோடு, ஆங்கிலோ-இந்தியச் சமையல் குறிப்புகளையும் அவர் தொகுத்துத் தந்திருக்கிறார். அத்தொகுப்புகள் இல்லையென்றால் அந்த மேசையின் ருசியைப் பற்றி இன்று நாம் பேசவே முடியாது.

இரண்டாவது, தொழிலாளர் வரலாறு. ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட, மைசூர் சமஸ்தானத்துச் சுரங்க, ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு இதில் அடிப்படை நூல். மூங்கில் தட்டி வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பங்கள், தங்கத் திருட்டைத் தடுப்பதாகச் சொல்லிப் போடப்பட்ட கண்காணிப்பு, கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் வெடித்த வேலைநிறுத்தம், 1946 நவம்பர் 4இல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த ஆறு தொழிலாளர்கள் எனத் தங்கவயலின் வேறொரு முகத்தை இவ்வரலாறு நம்முன் வைக்கிறது. இந்த வாசிப்பில் துரை பங்களா அதிகாரத்தின் குறி. மேட்டில் பங்களா, பள்ளத்தில் தொழிலாளர் லைன் வீடு. அதற்கு மேல் பங்களாவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 2024இல் வந்த பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ திரைப்படம் வரை, பொதுமனத்தில் தங்கவயல் தமிழர் என்றால் மண்ணைத் தோண்டுபவர்தான்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவைபோலத் தோன்றினாலும் ஓர் இடத்தில் ஒத்துப்போகின்றன. பங்களாவின் உள்ளறை வெள்ளையருடையது என்பதை இரண்டுமே ஏற்றுக்கொள்கின்றன. ஒன்று அதை ஏக்கத்தோடு நினைக்கிறது, மற்றது நியாயமான கோபத்தோடு புறந்தள்ளுகிறது. அந்த அறைக்குள் விடியற்காலை முதல் நள்ளிரவு வரை இருந்தவர்கள் யார் என்று பார்த்தால் இந்த ஒப்புதல் நிற்காது. சாப்பிட்டவர் மேசையில் ஒரு மணி நேரம் இருந்தார். அதைச் சமைத்தவருக்கு அது நாள் முழுவதற்குமான வேலை.

குசினி

சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் கட்டப்பட்ட ஆங்கிலேய பங்களாக்களின் அமைப்பே முதல் சான்று. சாப்பாட்டுக்கூடம் வீட்டின் நடுவே, உயர்ந்த கூரையோடும் அகன்ற சாளரங்களோடும் இருக்கும். சமையல் நடக்கும் குசினியோ வீட்டோடு ஒட்டாமல், பின்புறம் சற்றுத் தள்ளி, தனிக் கட்டடமாக நிற்கும். புகை, வாடை, தீப்பிடிக்கும் அச்சம் ஆகியவை இதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். சமைத்த பண்டம் அந்த இடைவெளியைக் கடந்து, மேசைக்குப் போகும்போது சூடு ஆறாமல் இருக்க வேண்டும். எறும்பும் வெயிலும் இறைச்சியைக் கெடுக்காமல் காக்க, வலைக்கம்பி போட்ட அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொரு நாளும் அந்தக் கிண்ணங்களில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதும் ஒருவரின் வேலை. விருந்து எனப்படுவது இத்தகைய நூறு சிறு கவனங்களின் தொகுப்பு. அவற்றில் ஒன்று தவறினாலும் மேசை தோற்றுவிடும்.

இந்த உழைப்பைப் பற்றிய மிகச் சிறந்த சாட்சியம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைக்கிறது. சென்னைப் படையில் இருந்த ஆர்தர் கென்னி-ஹெர்பர்ட் என்ற அதிகாரி, ‘வைவெர்ன்’ என்ற புனைபெயரில் 1878இல் சென்னையிலிருந்து ஒரு சமையல் நூலை வெளியிட்டார். இந்தியாவில் வாழும் ஆங்கிலேயர்களுக்குப் பிரெஞ்சுமுறை விருந்தைக் கற்றுத்தருவது அதன் நோக்கம். அந்நூலில் தமிழ்ச் சமையல்காரரைக் குறிக்க அவர் கையாளும் பொதுப்பெயர் ‘ராமசாமி’. ஆயிரக்கணக்கான மனிதர்களை ஒரு பெயருக்குள் அடைப்பதில் இருக்கும் அலட்சியத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நூலைக் கவனமாகப் படித்தால் அதன் மையத்தில் இருப்பவர் இந்த ராமசாமிதான் என்பது புலப்படும். எதைச் செய்வார், எதை மறுப்பார், எப்படிச் சொன்னால் ஏற்பார், என்ன கருவி இல்லாமல் தவிக்கிறார் என்று பக்கத்துக்குப் பக்கம் பேச்சு அவரைப் பற்றியே போகிறது. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் எந்தக் குறிப்பும் உணவாகாது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. சாப்பாட்டுக்கூடத்துக்குத் தாராளமாகச் செலவழிக்கும் ஆங்கிலேயர் குசினியை இருட்டும் அழுக்குமாக விட்டுவைப்பதை அவர் கண்டிக்கவும் செய்கிறார். இங்கிலாந்து திரும்பிய பிறகு 1894இல் லண்டனில் ஒரு சமையல் பயிற்சி அமைப்பை அவர் தொடங்கினார். சென்னைக் குசினிகளில் பெற்ற அனுபவத்துக்கு அதில் எவ்வளவு பங்கு இருந்திருக்கும் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

தங்கவயலின் மேசை சென்னையின் இந்த மரபிலிருந்து கிளைத்தது. கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்க வல்லுநர்கள் தங்கள் ஊர்ப் பணியார வகையான ‘பேஸ்டி’யின் நினைவோடு வந்திருப்பார்கள், இத்தாலியச் சுரங்கத் தொழிலாளர்களும் அங்கே இருந்தார்கள். இவர்களில் யாரும் தங்கவயலில் தம் நாட்டு உணவை அப்படியே உண்டிருக்க முடியாது. அடுப்பு வேறு, மாவு வேறு, ஆட்டிறைச்சியின் தன்மை வேறு, சமைக்கும் கை வேறு. வைட்-குமார் போன்றோர் தொகுத்த குறிப்புகளில் காணப்படும் உணவுகளே இதற்குச் சான்று: கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் தேங்காய்ப்பால் மஞ்சள் சோறும், டெவில் சட்னி, கட்லெட், ‘பெப்பர் வாட்டர்’ என்ற பெயரில் நம் ரசம். உலகெங்கும் ஆங்கில மேசைகளில் சூப்பாக அறியப்பட்ட ‘முலிகடானி’ மிளகுத்தண்ணிதான் என்பது ஊரறிந்த செய்தி. ரசத்துக்கு மேசையில் முதல் இடம் வாங்கிக்கொடுத்தவர், அதைக் கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியோடு நீட்டிய சமையல்காரர்தான். இதைச் சமைப்பவர் செய்த பண்பாட்டுத் தேர்வு என்று கருத வேண்டும். தெரியாமல் நடந்த கலப்பு என்று ஒதுக்க முடியாது.

பட்லரின் வழித்தோன்றல்கள்

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ‘அடிமை வேலையைக் கலை என்று புகழ்வது ஆபத்தானது. பட்லருக்கு வேறு வழி இல்லை. துரையின் மணிச்சத்தத்துக்கு ஓடியவரைப் பண்பாட்டுப் படைப்பாளி என்று கொண்டாடினால், அவரை அங்கே நிறுத்திய சாதியும் காலனியமும் தப்பித்துவிடும்.’ இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். அதன் முதல் பாதி உண்மை. மாட்டிறைச்சியைத் தொடாத சாதி இந்துக்கள் ஐரோப்பியக் குசினிக்குள் வரமாட்டார்கள் என்பதால்தான் அந்த வேலை பறையர்களுக்கும் கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கிடைத்தது. சாதி ஒதுக்கிய இடத்தையே காலனியம் வேலைவாய்ப்பாக மாற்றிக்கொண்டது.

ஆனால் அந்த இடத்தில் நின்றவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பது தனிக் கேள்வி. அதற்கான விடை தமிழ் அறிவு வரலாற்றிலேயே இருக்கிறது. தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்தவர். தம் வீட்டில் இருந்த திருக்குறள், நாலடி நானூறு ஏடுகளை அவர் ஆரிங்டன் வழியாக எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் சேர்ப்பித்ததாக அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். ஏடுகளைத் தலைமுறைகளாகக் காத்துவந்த குடும்பத்தின் மனிதர் ஐரோப்பியரின் மேசைக்கருகே நின்றார். அங்கிருந்து தமிழ் நூல் பதிப்பு வரலாற்றுக்குள் ஒரு கதவைத் திறந்தார். அவரைச் சேவகர் என்ற ஒரே சொல்லில் அடக்கினால், சாதி அவருக்குச் செய்த அநீதியை நாமும் ஒருமுறை செய்தவர்களாவோம்.

இந்த வரலாறு தங்கவயலோடும் நேரடியாக இணைகிறது. அயோத்திதாசர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வலுவான கிளைகள் இருந்தன. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று அவர் தொடங்கிய இதழ், 1914இல் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 1926 முதல் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. லைன் வீடுகளில் வாழ்ந்த மக்கள் பத்திரிகை நடத்தினார்கள், விகாரை கட்டினார்கள், பள்ளி வைத்தார்கள். அதே சமூகத்திலிருந்துதான் பங்களாக் குசினிகளுக்கும் ஆட்கள் போயிருப்பார்கள் என்று கொள்வது நியாயமான ஊகம். ஆகவே துரை பங்களாவின் சமையல்காரரை ஊமையாகக் கற்பனை செய்யும் உரிமை நமக்கில்லை. அவர் படித்தவராகவோ படித்தவரின் தம்பியாகவோ இருந்திருக்கலாம். பகலில் புட்டிங் செய்துவிட்டு இரவில் பௌத்தச் சொற்பொழிவு கேட்கப் போயிருக்கலாம்.

மேசைப் பாகுபாட்டை வெள்ளையரின் கணக்கில் மட்டும் எழுதிவிடவும் முடியாது. தென்னிந்திய ரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. பெரியார் இயக்கத்தின் போராட்டத்துக்குப் பிறகு 1941இல்தான் அது ஒழிந்தது. ஐரோப்பியர் கிளப்பின் கதவு மூடியிருந்ததைப் பேசுவோர், பக்கத்து நிலையத்துக் கூடத்தின் கதவையும் சேர்த்துப் பேசுவதுதான் நேர்மை.

மதுக்கூடம்

குடியைப் பொறுத்தவரை வேறுபாடு இன்னும் கூர்மையானது. கிளப்பில் உறுப்பினர் சீட்டில் கையெழுத்திட்டுக் குடிப்பார், மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்பார். தீர்க்காமல் போனாலும் பெரிய அவமானம் இல்லை. 1868இல் தொடங்கிய பெங்களூர் கிளப்பில் வின்ஸ்டன் சர்ச்சில் பாக்கி வைத்துப்போன 13 ரூபாய் 1899ஆம் ஆண்டின் ஏட்டில் இன்றும் பெருமைக்குரிய காட்சிப்பொருள். சுரங்கத் தொழிலாளி குடித்தது கள்ளும் சாராயமும். அந்தக் கடைகளின் குத்தகை மைசூர் அரசுக்கு ஆப்காரி (மதுவரி) வருவாய் தந்தது. அதே குடி தொழிலாளியின் ஒழுங்கீனத்துக்குச் சான்றாகவும் காட்டப்பட்டது. மேலே குடித்தால் நாகரிகம், கீழே குடித்தால் குற்றம். பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஆழங்களிலிருந்து ஏறி வந்த மனிதனின் குவளையை எடைபோட்டவர்கள், மேட்டில் இருந்த குவளையை எடைபோடவில்லை. மரபு என்ற பெயரில் மதுக்கூடத்தைப் புதுப்பிக்கும் எவரும், பளபளக்கும் மரப்பலகைக்குப் பின்னால் உள்ள இந்த இரட்டை அளவுகோலைச் சுவரில் ஒரு பலகையிலாவது எழுதிவைக்கக் கடமைப்பட்டவர்.

சுரங்கம் 1956இல் மைசூர் அரசின் கைக்கும் 1962இல் மத்திய அரசின் கைக்கும் போன பிறகு, பங்களாக்களிலும் கிளப்பிலும் இந்திய அதிகாரிகள் அமர்ந்தார்கள். நிறம் மாறியது, குசினிக்கும் கூடத்துக்கும் இடையிலிருந்த தூரம் குறைந்ததாகச் சொல்ல முடியாது.

உணவகமானால்?

இனி நடைமுறை. பழைய பங்களாவை மேற்கத்திய உணவகமாக்குவதற்கு எதிராக இரண்டு வலுவான வாதங்கள் இருக்கின்றன. ஒன்று, அது உள்ளூர் மக்களை மறுபடியும் வெளியே நிறுத்தும் என்பது. இது வெறும் சந்தேகம் இல்லை. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனைச் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க கிளப் உள்ளே விட மறுத்தது. அதன் பிறகு அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு உடைத்தடையை நீக்கித் தனிச் சட்டமே இயற்றியது. தங்கவயல் கர்நாடகத்தில் இருப்பதால் அந்தச் சட்டம் அங்கே செல்லாது. பெங்களூரிலும் 2024 ஜூலையில் வேட்டி கட்டிய ஒரு விவசாயியை வணிக வளாகம் ஒன்று தடுத்து, பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. நீதிபதிக்கே இந்த நிலை என்றால், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி தம் தகப்பன் பரிமாறிய கூடத்துக்குள் வேட்டியோடு போய் உட்கார முடியுமா? விலைப்பட்டியலோ உடை விதியோ அவரைத் தடுக்குமானால், அந்த உணவகம் பழைய கிளப்பின் மறுபதிப்புதான்.

மற்றொரு வாதம் இன்னும் கனமானது. தங்கவயலில் வேலை இல்லை. ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் பங்காருபேட்டையிலும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். வீட்டுரிமை, சுரங்கக் கழிவான சயனைடு மேட்டுத் தூசி, தண்ணீர் என்று தீராத பிரச்சினைகள் கிடக்கும் ஊரில் ஒரு உணவகத்தைப் பற்றி யோசிப்பது ஆடம்பரம் இல்லையா என்று கேட்கிறார்கள். உணவகம் ஒன்று இந்தத் துயரங்களைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. பங்களாக்களைக் குறித்து முடிவெடுப்பவர்கள் ஊருக்கு வெளியே இருந்து வருவார்கள், ஏக்க எழுத்துகளை மட்டும் படித்துவிட்டு வருவார்கள் என்பதே என் கவலை. அப்போது ஊர் மக்களிடம் மாற்று வரலாறு ஒன்று ஆதாரத்தோடு தயாராக இருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்து மக்களின் சமையல் திறனுக்கு வெளியூர்ச் சான்றிதழ் தேவையில்லை. தெளிந்த நீரோடு தரப்படும் பங்காருபேட்டைப் பானிபூரி தன் ஊர்ப்பெயரோடே பெங்களூர்த் தெருக்களை எட்டியிருக்கிறது. வடக்கிலிருந்து வந்த பண்டத்தைத் தன் கைக்கேற்ப மாற்றிக்கொண்ட அதே போக்கு, பேஸ்டியையும் புட்டிங்கையும் கையாண்ட குசினியிலும் இருந்தது. பானிபூரிக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. குசினியில் பிறந்த உணவுகள் ஆங்கிலப் பெயரிலேயே தங்கிவிட்டன.

ஆகவே பங்களா உணவகத்துக்கு நான் வைக்கும் நிபந்தனைகள் கடினமானவை இல்லை. பின்கட்டுக் குசினியை இடித்து வாகன நிறுத்தம் ஆக்கக் கூடாது. கூடத்தோடு அதையும் பழுதுபார்த்து, விருந்தினர் நடந்துபோய்ப் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும். உணவுப் பட்டியலில் பெப்பர் வாட்டரைச் சூப்புக்குக் கீழே சிறு எழுத்தில் போடக் கூடாது. உடை விதி இருக்கக் கூடாது. வேலைக்கு எடுக்கும்போது, விடியற்கால ரயிலில் போகும் இளைஞர்களுக்கு முதல் இடம் தர வேண்டும், பரிமாறுபவர்களாக மட்டும் வைக்காமல் தலைமைச் சமையல்காரராக வளரும் வழியோடு. இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது இன்னொன்று. பங்களாக்களிலும் கிளப்பிலும் வேலை பார்த்த கடைசித் தலைமுறையினர், அவர்களின் பிள்ளைகள் என்று வீடு வீடாகப் போய், எந்தத் துரை வீட்டில் என்ன சமைத்தார்கள், எந்த அளவில் மிளகு போட்டார்கள், யாரிடம் கற்றார்கள், என்ன சம்பளம் வாங்கினார்கள் என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். ஆண்டர்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃபிலும் அந்த வயதினர் குறைந்துகொண்டே வருகிறார்கள். கட்டடம் இன்னும் பத்து மழைக்காலம் தாங்கும்.